காலனிப் பக்கம் திரும்பிய குழாய்

1. கை தட்டாத கூட்டம்

மில் கேட்டில் நான் முதன்முதலாகப் பாடிய அன்று ஒருவரும் கை தட்டவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அதற்கு முன்னால் பல வருஷம் நான் பாடிய இடங்களில் யாரும் கை தட்டியதே இல்லை. சாவு வீட்டில் யார் கை தட்டுவார்கள்?

என் தொழில் ஒப்பாரி. எண்பதுகளில் திண்டுக்கல் டவுனிலும் சுற்று வட்டாரத்திலும், அந்தப் பக்கம் கன்னிவாடி வரைக்கும், சவரியம்மாள் என்றால் தெரியும். எங்கள் ஊர் மாதா கோயிலில் தபசு காலத்தில், மகனை இழந்த மாதா அழுகிற வியாகுலப் பாட்டுப் பாடித்தான் எனக்குத் தொண்டை திறந்தது. பிறகு வேதக்காரர் வீடு, இந்து வீடு என்று பார்க்காமல் எல்லாத் துக்க வீடுகளுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். திருவிழா மேடைகளில் கும்மியும் நடவுப் பாட்டும் பாடுவேன். ஒரு கேசட்டும் போட்டோம். கேசட் கடைக்காரர் கும்மி, தாலாட்டு எல்லாவற்றையும் கடைக்குள்ளே வைத்துப் பதிந்தார். ஒப்பாரி என்றதும் எழுந்துவிட்டார்.

"அக்கா, அத மட்டும் வெளிய வேப்பமரத்தடியில வச்சுக்கிருவோம். என் வீட்டுக்காரி மாசமா இருக்கா. தப்பா நெனச்சுக்கிராதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. சாவு விழாத இடத்தில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாடிப் பழக வேண்டுமென்றால் நான் ரயில்வே லைன் ஓரமாகப் போய்விடுவேன். அந்தக் கேசட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நான் உருகி அழுகிற இடத்தில் ஒரு காக்கா கூடவே கத்தும்.

ஞானம் அண்ணன் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அங்கே சங்கத்துக்குச் செயலாளர். கூட வேலை பார்த்தவர் இறந்தபோது அந்த வீட்டில் என் பாட்டைக் கேட்டிருக்கிறார். அடக்கம் முடிந்து நான் கிளம்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட வந்தார்.

"ஏம்மா, செத்தவனுக்காக இம்புட்டுக் கேள்வி கேக்குறியே, உசுரோட இருக்குறவனுக்காக ரெண்டு கேள்வி கேட்டா ஆகாதா?"

"உசுரோட இருக்குறவனுக்குத்தான் வாய் இருக்கேண்ணே, அவனே கேக்கட்டும்."

"வாய் இருக்கு. கேட்டா வேலை இருக்காது."

இந்தப் பதில் என்னை என்னவோ செய்தது. அடுத்த வாரமே போனேன். மில்லில் பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் தண்ணீர் குடிக்காமலேயே நின்று வேலை பார்த்தார்கள். அதைத்தான் முதலில் பாடினேன். மேனேஜரின் தாயாரே மகனிடம் வந்து கேட்பதுபோல ஒரு பாட்டு. கூட்டம் கை தட்டாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. ஆனால் மறுநாள் ஸ்பின்னிங்கில் பெண்கள் மெஷின் சத்தத்துக்குள் அதையே முனகிக்கொண்டிருந்தார்கள் என்று ஞானம் அண்ணன் வந்து சொன்னார். மூன்று மாதத்தில் தகரம் போட்டு ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பிழைப்பு. காலையில் துக்க வீடு, சாயங்காலம் கேட் மீட்டிங். சில பெரிய வீடுகளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "கொடி பிடிக்கிற வாயி எங்க வாசல்ல அழ வேணாம்" என்று ஒரு மிராசுதார் வீட்டு அம்மா சொல்லி அனுப்பினார். எனக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் என் கண்ணை மறைத்தது.

2. சேதி கேட்பது

எங்கள் தொழிலில் தொண்டை அப்புறம்தான். முதல் வேலை சேதி கேட்பது. துக்க வீட்டுக்குப் போனதும் நேரே பிணத்துக்கிட்டே போய் உட்கார்ந்துவிடக் கூடாது. வெளியே நிற்கிற பெண்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும். இறந்தவர் எத்தனையாவது பிள்ளை, அம்மா எப்படிக் கூப்பிடுவார், சோற்றுக்கு என்ன வெஞ்சனம் பிடிக்கும், எந்தத் தங்கச்சியோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு உட்கார்ந்தால், பாடுகிறவள் நான் இல்லை. தாய்க்காகப் பாடும்போது நான் தாய். பெண்டாட்டிக்காகப் பாடும்போது நான் பெண்டாட்டி. அழ முடியாமல் கல்லாக உட்கார்ந்திருக்கிறவர்களுடைய வாயை வாங்கி நான் பேசுகிறேன். சேதி சரியாக இருந்தால் இரண்டாவது அடியிலேயே அந்த அம்மா உடைந்து அழுதுவிடுவார். சேதி தப்பாக இருந்தால் வெறும் சத்தம்தான் மிஞ்சும். நான் சேதி கேட்பதில் கெட்டிக்காரி. இதைத் தற்பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது புரிவதற்காகச் சொல்கிறேன்.

3. பாக்கியம்

அதே மில்லில் பாக்கியம் என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. நிரந்தர வேலை கிடையாது, பதிலி. யாராவது லீவு போட்டால் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒருநாள் கார்டிங் மெஷினில் ஒட்டியிருந்த பஞ்சை, மெஷின் ஓடும்போதே துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்திவிட்டுத் துடைத்தால் உற்பத்தி குறையும் அல்லவா? வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? அந்தப் பெண் அன்றைக்கு டூட்டியிலேயே இல்லையாம். தோழியைப் பார்க்க உள்ளே வந்து, விளையாட்டாக மெஷினில் கையை விட்டதாம். பதிலி என்பதால் அன்றைக்கு அவள் பேரை எங்கேயும் எழுதவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டவர் ஷிஃப்ட் மேஸ்திரி சுப்பையா. கூட வேலை பார்த்தவர்கள் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை, அவர் சொன்னால்தான் செல்லும். அவரோ, அவள் டூட்டியில் இல்லை என்று நிர்வாகம் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். லேபர் ஆபீஸில் விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். சுப்பையா மேஸ்திரி அங்கே வந்து உண்மையைச் சொன்னால் பாக்கியத்தை மறுபடி வேலைக்கு எடுத்தாக வேண்டும். சொல்லாவிட்டால் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பாக்கியத்தைப் போய்ப் பார்த்தேன். கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

"அக்கா, எனக்குத் திரும்ப மில்லுக்குள்ள போகணும். வேற ஒண்ணும் வேணாம். இந்தக் கையோட வீட்ல உக்காந்தேன்னா எல்லாரும் பாவம் பாவம்னே என்னையக் கொன்னுருவாங்க."

ஞானம் அண்ணனுக்கு மேஸ்திரி மேல் கடுமையான ஆத்திரம். "அவன் மனசாட்சி செத்துப்போச்சு. கேட்ல பாடை கட்டுவோம். நீ ஒப்பாரி பாடு. அவமானம் தாங்காம ஓடி வந்து உண்மையச் சொல்லுவான்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. பொம்மைக்குத்தானே பாடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பொம்மைக்குப் பாடுவதற்கும் நான் சேதி கேட்டேன். பழக்கம் விடவில்லை. மில்லுக்குப் பின்னால் தொழிலாளர் காலனி. அங்கே குழாயடியில் நின்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். மேஸ்திரியின் அம்மா வெள்ளத்தாயி அங்கேதான் மகனோடு இருந்தார். சுப்பையாவுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லையாம். நாலாவதாக இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, மூக்குக் குத்தி, 'குப்பை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். இது வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போக வேண்டும் என்பதற்காக. பள்ளிக்கூடத்தில் சுப்பையா என்று எழுதினார்கள். பெற்றவர் மட்டும் இன்றைக்கும் வீட்டுக்குள் 'குப்பே' என்றுதான் கூப்பிடுவாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு பாட்டு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அதுதான்.

4. பானை முகம்

மத்தியானம் இரண்டு மணி, ஷிஃப்ட் மாறுகிற நேரம். கேட்டுக்கு எதிரே மூங்கில் பாடை. வைக்கோல் உடம்பு. தலைக்கு ஒரு மண்பானை, அதில் கரியால் மேஸ்திரி மாதிரியே முறுக்கு மீசை. மேலே வெள்ளைத் துணி. மைக்செட் காஜா பாய் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். இரண்டும் கேட்டைப் பார்த்து இருந்தன.

நான்தான் சொன்னேன். "பாய், ஒண்ண காலனிப் பக்கம் திருப்புங்க. வீட்ல இருக்குற பொம்பளைகளும் கேக்கட்டும்."

அவர் ஏறித் திருப்பிவிட்டு இறங்கினார். நான் பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டேன்.

மூணு புள்ள மண்ணுக்குள்ள
மூடி வச்ச நாளையில
காணிக்கையாக் குப்பையில – உன்னக்
கண்ணமூடிப் போட்டெடுத்தேன்
குப்பேன்னு கூப்புடத்தான் – என்
கும்பி குளுந்திருந்தேன்
இப்பக் கூப்புடுறேன் – ஏன்
ஏந்திருச்சு வரவில்ல

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். பாட்டு நன்றாக ஏறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் இழுத்துப் பாடினேன்.

அப்போது மில் காம்பவுண்டு ஓரமாக ஓர் அம்மா ஓடி வருவது தெரிந்தது. முடி கலைந்து, கை முழுக்கக் கம்பு உமி. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. "வழிய விடுங்கடா, மூஞ்சியக் காட்டுங்கடா" என்று கத்திக்கொண்டே பாடை மேல் விழுந்து துணியை இழுத்தார்.

பானைதான் இருந்தது. அதில் கரி மீசை.

வெள்ளத்தாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையில் மைக் அப்படியே இருந்தது. அவருக்கு மூச்சு வாங்குவது குழாயில் காலனி வரைக்கும் கேட்டது. மைக்கை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஒருவர் குனிந்து, "ஆத்தா, மேஸ்திரிக்கு ஒண்ணும் ஆகல. உள்ளதான் இருக்காரு. இது சும்மா போராட்டம்" என்றார்.

"சும்மாவா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீயா பாடுன?"

"ஆமா ஆத்தா."

"நாந்தான் அழுகுறேன்னு நெனச்சேன். என் வாயி எங்குட்டோ கெடந்து அழுகுது, நான் இங்க கம்பு பொடச்சுக்கிட்டு இருக்கனேன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்து போனார். ஒருவரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. விட்டுவிட்டுப் போனால் யாராவது பானையை உடைத்து, செத்தவனுக்குச் செய்கிற சடங்கை முடித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

எத்தனையோ துக்க வீட்டில் அழுதிருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுத மாதிரி என்றும் அழுததில்லை. எமனை ஏமாற்ற என்று வைத்து, ஒரு தாய் நாற்பது வருஷமாக வீட்டுக்குள் கூப்பிட்டுவந்த பேரை, செத்தவன் பேராகக் குழாய் கட்டி ஊருக்கே சொன்னவள் நான்.

5. கெட்டுப்போனது

மறுநாள் மேஸ்திரி சொல்லி அனுப்பினார். "நான் லேபர் ஆபீசுல வந்து உண்மையச் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். எங்காத்தாவ நடுரோட்ல விழ வச்சவங்களுக்காக இனி வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் நிஜமாகவே சொல்வதாக இருந்தாரா, அல்லது சாக்குக் கிடைத்ததா, தெரியாது. ஆனால் சாக்கை எடுத்துக் கொடுத்தது நாங்கள்தான். விசாரணைக்கு எட்டு நாள்தான் இருந்தது.

பாக்கியம் என்னிடம் ஒன்று சொன்னாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. "அக்கா, நீங்க நல்லாத்தான் பாடுனீங்க. அதான் கெட்டுப்போச்சு."

இரண்டு நாள் கழித்துக் காலையில் காலனிக்குப் போனேன். வெள்ளத்தாயி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பானை. மீசையைத் தேய்த்துக் கழுவி, உப்புப் போட்டு வைத்திருந்தார்.

"ஆத்தா, என்னைய மன்னிச்சிருங்க."

"மன்னிச்சா ஆச்சா? பாடுனது பாடுனதுதான. ஊரு பூராம் காதுல வாங்கிருச்சு."

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

அவர் வெங்காயத்தை ஓரமாக வைத்தார். "செத்துப்போனான்னு பாடுனேல்ல? பெறந்துட்டான்னு பாடு. அதே எடத்துல நின்னு, அதே கொழாய வச்சு, அம்புட்டுச் சத்தமாப் பாடு."

"தாலாட்டா ஆத்தா?"

"பெறந்த புள்ளைக்கு வேற என்னத்தப் பாடுவாங்க? ஆனா அந்தப் பேரச் சொல்லாத. அது எமனுக்குச் சொன்ன பேரு. சுப்பையான்னு பாடு."

சங்கத்தில் போய்ச் சொன்னபோது ஞானம் அண்ணன் குதித்தார்.

"கேட்ல நின்னு மேஸ்திரிக்குத் தாலாட்டா? மேனேஜர் வயிறு வலிக்கச் சிரிப்பான். மண்டி போட்டோம்னு ஆயிரும். போராட்டம் என்னத்துக்கு ஆகும்?"

"போராட்டத்துல தப்புப் பண்ணுனது நானு. தப்ப எடுக்குறதும் நான்தான். நீங்க கொடி புடிக்க வேணாம், ஒதுங்கி நில்லுங்க. மைக் மட்டும் வேணும்."

"பாக்கியத்துக்கு இதுல என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்ல. மேஸ்திரிகிட்ட ஒண்ணும் கேக்கப் போறதும் இல்ல. அந்த ஆத்தாவுக்குப் பட்ட கடனத் தீக்குறேன், அம்புட்டுத்தான்."

முனகிக்கொண்டே சரி என்றார். ஞானம் அண்ணன் கோபக்காரர், ஆனால் நியாயத்துக்குக் கட்டுப்படுகிற ஆள்.

6. தாலாட்டு

அதே இரண்டு மணி. அதே இடம். காஜா பாய் கேட்காமலேயே ஒரு குழாயைக் காலனிப் பக்கம் திருப்பினார். பாக்கியமும் வந்து முன்வரிசையில் நின்றாள். வெள்ளத்தாயி காம்பவுண்டு மூலையில் வந்து நின்றார், கிட்டே வரவில்லை. நான் முடியை அள்ளி முடிந்துகொண்டு நின்றபடியே பாடினேன்.

ஆராரோ ஆரிரரோ
ஆத்தா மடி மெத்தையிலே
செத்தான்னு சொன்ன வாயி
செஞ்ச பிழை பொறுத்துக்கிரு
பத்து வெரலு ஒனக்கிருக்கு
பத்திரமா மூடிக்கிரு
சுப்பையா கண்ணுறங்கு – ஒன்
சொந்தமெல்லாம் காத்திருக்கு

முதல் அடிக்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜர் ஜன்னலிலும் சிரிப்புத்தான். நான் ஆராரோவை இழுத்துக்கொண்டிருந்தபோதே சங்கு ஊதி, முதல் ஷிஃப்ட் வெளியே வந்தது. தலை முழுக்கப் பஞ்சோடு சுப்பையா மேஸ்திரியும் வந்தார். பெரிய மீசை, தொந்தி, கையில் டிபன் கேரியர். தாலாட்டு தனக்குத்தான் என்று புரிந்ததும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். சிரிப்பு இன்னும் கூடியது.

பத்து விரல் என்ற அடி வந்ததும் சிரிப்பு நின்றது.

அந்த அடியை நான் யோசித்துக் கட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். தாலாட்டில் விரலை எண்ணுவது வழக்கம், மூச்சோடு மூச்சாக வந்துவிட்டது. பாடி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. எல்லோரும் பாக்கியம் பக்கம் திரும்பினார்கள். அவள் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டாள். மேஸ்திரி டிபன் கேரியரைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு அம்மா நின்ற மூலைக்குப் போனார். வெள்ளத்தாயி அவர் தலையிலிருந்த பஞ்சைப் பிய்த்துப் போட்டார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

விசாரணை அன்று லேபர் ஆபீஸ் வராந்தாவில் நாங்கள் நம்பிக்கை இல்லாமல்தான் நின்றோம். மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எங்களைப் பார்க்காமல் உள்ளே போனார். கதவு திறந்தே இருந்ததால் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"அந்தப் புள்ள டூட்டியிலதான் இருந்துச்சு சார். நாந்தான் கூப்புட்டேன். மெசின நிப்பாட்டவான்னு எங்கிட்டக் கேட்டுச்சு. நான் வேணாம்னுட்டேன்."

கடைசி இரண்டு வரியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அது எங்களுக்கே தெரியாது. பாக்கியம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பாக்கியத்துக்குப் பேக்கிங்கில் லேபிள் ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். இடது கையாலேயே பழகிக்கொண்டாள். சுப்பையாவை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி மறுபடி மெஷினில் போட்டார்கள். அவர் எங்கள் சங்கத்தில் சேரவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வெள்ளத்தாயி இறந்தபோது எனக்குச் சேதி சொல்லவில்லை. நானாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பாடச் சொல்லி இடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவின் வாயை ஒரு தடவை கேட்காமல் எடுத்தது போதும்.

அதற்காகக் கேட்டில் பாடுவதை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. அதற்கப்புறமும் எத்தனையோ போராட்டத்துக்குப் பாடியிருக்கிறேன், போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோதும் பாடியிருக்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவருக்கு ஒப்பாரி பாடியதில்லை. இப்போது பாட்டுக் குழு வைத்திருக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து, எதிராளி மேல் சூடாக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்கிறார்கள். எழுதுங்கள், நன்றாகச் சூடாகவே எழுதுங்கள். ஆனால் நாம் திட்டுகிற ஆள் ஒருவன் மட்டுமே அந்தப் பாட்டைக் கேட்பான் என்று நினைக்காதீர்கள். அவனுக்குச் சோறு பொங்கிக்கொண்டு ஒருவர் வீட்டில் இருப்பார், அவருக்கும் காது உண்டு.

இன்றைக்கும் மேடை ஏறினால், மைக்கைத் தொடுவதற்கு முன்னால் குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பேன். அந்தப் பக்கம் யார் வீடு இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் பாட ஆரம்பிப்பேன்.